“நாடு ஏழை” என்கிற பதில்

“நம்ம நாடு ஏழை நாடு, இவ்வளவுதான் செய்யலாம்.” இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளையின் அம்மா அப்பாவுக்கு இலங்கையில் கிடைக்கிற பதில்களில் மரியாதையான பதில் இதுதான். மற்றப் பதில்கள் இதைவிட மோசம். சொல்கிறவர் கெட்ட மனுஷரும் இல்லை. அவர் பக்கம் ஆய்வுகள்கூட இருக்கு. அதனால அந்த ஆய்வுகளை முதலில் ஒழுங்காச் சொல்லிட்டே சண்டைக்குப் போவோம்.

2010 இல் ‘பிளட்’ என்கிற மருத்துவ சஞ்சிகையில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏ.எம்.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கடும் இரத்தப் புற்றுநோய் வந்து, மருந்தால் நோய் அடங்கியிருந்த நிலையில், இன்னொருவரின் எலும்பு மச்சையை ஏற்றுக்கொண்ட 2,015 பேரின் கதை அதில் இருக்கு. சிகிச்சை நடந்த நாடுகளை ஐ.நா.வின் மனித அபிவிருத்திச் சுட்டெண்படி ஐந்து படியாகப் பிரித்துப் பார்த்தார்கள். நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் அடிப்படி நாடுகளில் 56 வீதம், மேல்படி நாடுகளில் 68 வீதம். இத்தனைக்கும் இது ஐரோப்பாவுக்குள்ளேயே நடந்த கணக்கு. அதே ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் உலகக் கணக்கு வந்தது. 2006 இல் 71 நாடுகளில் 50,417 பேருக்கு முதல்முறையாக இந்தச் சிகிச்சை நடந்திருக்கு. தலைக்கு ஆண்டு வருமானம் 680 டொலருக்குக் கீழே இருந்த எந்த நாட்டிலும் ஒன்றுகூட நடக்கவில்லை.

ஆக, நாட்டின் பணம் நோயாளியின் உயிரைத் தொடுகிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனா அது எந்த வழியாத் தொடுது? அந்தக் கேள்வியை யாருமே கேட்க மாட்டேங்கிறாங்க. கேட்டா “ஏழை நாடு” என்கிற பதில் கொஞ்சம் கொஞ்சமா உதிர ஆரம்பிக்கும்.

முதலில் சிகிச்சை என்னன்னு பார்ப்போம். மாற்றுச் சிகிச்சை என்றதும் நம்ம ஆட்கள் கிட்னி மாதிரி ஏதோ ஒப்பரேஷன் என்று நினைக்கிறாங்க. இதில் நோயாளிமேல் கத்தியே படாது. கடும் மருந்தால், சிலருக்குக் கதிர்வீச்சாலும், நோயாளியின் சொந்த மச்சையை அழிக்கிறார்கள். பிறகு பொருந்துகிற ஒருவரிடமிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை, அதாவது குருத்தணுக்களை, இரத்தம் ஏத்துற மாதிரியே குழாய் வழியா ஏத்துறாங்க. ஏத்துறது சில மணித்தியால வேலை. உயிர் போறதும் நிற்பதும் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான். புது மச்சை முளைக்கிற வரைக்கும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி கிடையாது. சாதாரணப் பூஞ்சணம் ஆளைக் கொல்லும். வந்து குடியேறிய அணுக்கள் குடியிருக்கிற உடம்பையே அந்நியமா நினைத்துத் தாக்கவும் செய்யும். அதனால முதல் 100 நாளாவது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கணும். அடிக்கடி இரத்தம் சோதிக்கணும், மருந்தின் அளவைக் கூட்டணும், குறைக்கணும். காய்ச்சல் வந்தால் “நாளைக்குப் பார்ப்போம்” என்பது கிடையாது, உடனே ஊசி ஏறணும். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் கிளினிக்.

முன்னே சொன்ன ஐரோப்பிய ஆய்விலும் மேல்படி நாடுகள் முந்தியதற்கு முக்கியக் காரணம் அங்கே நோய் திரும்பி வந்தது குறைவு என்பதுதான். நான் அதை இப்படி வாசிக்கிறேன்: நோயைச் சரியான நேரத்தில் கண்டுபிடிப்பது, சரியான நேரத்தில் ஏத்துவது, ஏத்தின பிறகு ஆளைக் கைவிடாமல் பார்ப்பது. பணம் இந்தச் சாதாரண வேலைகளுக்குள்ளதான் ஒளிந்திருக்கு.

இப்ப இதே பாதையை மஸ்கெலியாவுக்கு மேல இருக்கிற ஒரு தோட்டத்திலிருந்து நடந்து பாருங்க.

இரத்தப் புற்றுநோயின் முதல் அறிகுறி என்ன? களைப்பு, வெளிறல், அடிக்கடி காய்ச்சல், காரணமே இல்லாமல் உடம்பில் நீலம் பாய்வது. தோட்டத்தில் யார்தான் களைப்பா இல்லை? கொழுந்து பறிக்கிற பெண்களிடம் இரத்தச்சோகை அவ்வளவு சாதாரணம், அதனால வெளிறல் ஒரு அறிகுறியாகவே கண்ணில் படாது. டிஸ்பென்சரிக்குப் போனால் இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கும். டாக்டரய்யா என்று நாம கூப்பிடுகிறவர் பல தோட்டங்களில் எம்.பி.பி.எஸ். படித்த வைத்தியர் இல்லை, தோட்ட வைத்திய உதவியாளர். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருப்பதை அவர் கொடுக்கிறார். ஒரு முழு இரத்தப் பரிசோதனை செய்தாலே சந்தேகம் வந்திருக்கும். அதுக்கு டவுனுக்கு இறங்கணும். இறங்கினா அன்னைக்குப் பேர் இல்லை, சம்பளம் இல்லை. அதனால மாத்திரையோட இன்னொரு மாசம். இந்த நோயில் இன்னொரு மாசம் என்பது எவ்வளவு பெரிய காலம் என்று எந்த வைத்தியரிடமும் கேளுங்க.

ஒருவழியா நோய் தெரிஞ்சாச்சுன்னு வைப்போம். கண்டியிலும் பதுளையிலும் புற்றுநோய்ச் சிகிச்சை இருக்கு. பிள்ளைகளுக்கு வருகிற இரத்தப் புற்றுநோயில் பெரும்பங்கு மருந்தாலேயே குணமாகும், மச்சை மாற்றுவதெல்லாம் மருந்துக்கு அடங்காத, அடங்கித் திரும்பி வருகிற நோய்க்கு. அந்தக் கட்டம் வந்தால் கொழும்புப் பக்கம்தான். ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை, பிறகு மகரகம. நல்ல நாளில் ஐந்து மணித்தியாலம். மழை நாளில் பாதையில் மண் சரியாமல் இருக்கணும். தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு வருகிற நேரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. போய் இறங்கினால் வாட்டில் சிங்களம். தமிழ் அரச மொழியாகி 1987 முதல் இத்தனை வருஷம் ஆச்சு. “எந்த மருந்தை எப்ப நிறுத்தணும்” என்கிற வாக்கியம் பாதி புரிஞ்சா போதாது, இந்தச் சிகிச்சையில் அந்த மீதிப் பாதியில்தான் ஆபத்து.

பிறகு வீடு திரும்புவது. எந்த வீட்டுக்கு? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்கு. ஆறு பேர் படுக்கிற இடம், ஈரம் இறங்கிப் பூத்த சுவர், விறகுப் புகை, பொதுவான பீலித் தண்ணி. பூஞ்சணம் கொல்லும் என்று மேலே எழுதினேன் இல்லையா, நுவரெலியா மழையில் லயத்துச் சுவரைப் பாருங்க. அதனால 100 நாள் மகரகம பக்கமே அறை எடுத்துத் தங்கணும். யாராவது ஒருத்தர் கூட இருக்கணும். அப்ப இரண்டு பேர் சம்பளத்தில் ஒன்று நிற்கும், அதே மாசம் வாடகை தொடங்கும். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான், அது பெரிய விஷயம், அதை நான் சின்னதா நினைக்கவில்லை. ஆனா இலவசம் வாட்டுக் கதவோட முடிஞ்சு போகுது.

இந்தியாவுக்குப் போகலாமே என்பார்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மச்சை மாற்றுச் சிகிச்சை நடக்குது, நல்ல பேர் எடுத்த இடம். இந்தியாவில் இதற்கு ஆகும் செலவு பொதுவா 10 இலட்சம் இந்திய ரூபாவில் தொடங்கும், சிக்கல் வந்தால் ஏறிக்கொண்டே போகும். நம்ம காசில் 35 இலட்சம் அளவு. 2024 இல் வர்த்தமானியில் ஏறிய அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. மாசம் 25 நாள் பேர் விழுந்தாலும் 33,750. ஒரு சதமும் சாப்பிடாமல் சேர்த்தால் எட்டரை வருஷத்துக்கு மேல. நோய் எட்டு வாரம்கூடத் தராது.

இனி “ஏழை நாடு”க்கு வருவோம். ஐ.நா.வின் அதே சுட்டெண்ணில் இலங்கை எந்தப் பிரிவு தெரியுமா? “உயர்” பிரிவு. வருமானத்தில் உலக வங்கி 2019 இல் நம்மை மேல்நடுத்தர நாடு என்று ஏத்திவிட்டு அடுத்த வருஷமே இறக்கியது வேறு கதை. இந்த நாடு தன் வருமானத்தை மீறி நிறையச் செய்து காட்டிய நாடு. 2016 இல் மலேரியாவை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. 2014 முதல் ஆஸ்பத்திரிகளுக்குத் தேவையான இரத்தம் முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளிகளிடமிருந்து வருது, உறவுக்காரரைத் தேடி ஓட வேண்டியதில்லை. மச்சை மாற்றுக்கு இரத்தமும் குருதிச் சிறுதட்டும் எவ்வளவு வேணும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். நம்மைவிடப் பணக்கார நாடுகள் சிலவற்றாலேயே முடியாத காரியம்.

அதாவது இந்த அரசுக்கு வேணும்னா செய்யத் தெரியும். இப்ப 2016 இன் இன்னொரு கணக்கைப் பாருங்க. குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் கீழே வயசுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாட்டில் 17 வீதம், தோட்டத் துறையில் 32 வீதம். அதே நாடு, அதே வருஷம், அதே தேசிய வருமானம். அமெரிக்காவிலும் இப்படித்தான்: உலகத்தின் மிகப் பணக்கார நாட்டுக்குள்ளேயே குறைந்த வருமானக்காரர் மச்சை மாற்றுக்குப் பிறகு குறைவாகவே பிழைக்கிறார்கள் என்று அந்நாட்டு ஆய்வுகளே சொல்லுது. சராசரி என்பது ஒரு போர்வை. கால் எவனுக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்குன்னு அது சொல்லாது.

நம்ம கால் வெளியே இருப்பது தற்செயல் இல்லை. தோட்டத் தொழிலாளியின் வைத்தியத்தைத் தோட்ட முதலாளியின் பொறுப்பாக வைத்தது 1912 இன் வெள்ளைக்காரச் சட்டம். 1948 இல் குடியுரிமை பறிபோனது. கிராமத்துக்கு இலவச வைத்தியம் விரிந்த காலத்தில் நாம பிரஜையே இல்லை. 1990களில் இருந்து தோட்ட வைத்தியசாலைகளை அரசு ஏற்கப் போகிறது, ஏற்கப் போகிறது என்று சொல்லி, சிலதை ஏற்று, மிச்சத்தை இன்னும் இழுத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு நாட்டுக்குள்ள இரண்டு சுகாதார முறை. “நாடு ஏழை” என்று சொல்கிறவர் எந்த முறையைச் சொல்கிறார்?

இன்னொரு பக்கம் அந்த நாட்டின் பணம் எங்கிருந்து வந்தது என்பது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால், மார்ச் கடைசியில், பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தது. சத்திரசிகிச்சைக்காகத் தளர்த்திய தசைகளைத் திரும்ப இயங்கவைக்கிற நியோஸ்டிக்மின் என்கிற மலிவான ஊசி மருந்தே இல்லை. மருந்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் இறக்குமதி செய்கிற நாட்டில் டொலர் இல்லைன்னா வாட்டு காலி. அந்த நாளில் டொலர் கொண்டுவந்த சில பொருட்களில் தேயிலை ஒன்று. 2023 இல் தேயிலை ஏற்றுமதி 130 கோடி டொலருக்கு மேல். நேர்மையாச் சொல்லணும்னா, இன்னைக்கு உற்பத்தியில் பெரும்பங்கு தாழ்நாட்டுச் சிறுதோட்டக்காரருடையது, எல்லாம் நம்ம கையால் பறித்தது இல்லை. ஆனா அந்தப் பெயரை உலகத்தில் உண்டாக்கியது யாருடைய முதுகு என்று விவாதிக்கத் தேவையில்லை.

ஈரானுக்குக் கட்டவேண்டிய 25 கோடி டொலர் எண்ணெய்க் கடனை மாசம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாக் கொடுத்துத் தீர்க்க 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். கொழுந்தைக் கொடுத்து எண்ணெய்க் கடன் அடைக்கத் தெரியுது. கொழுந்து பறிக்கிறவளின் பிள்ளைக்கு மருந்து என்று வரும்போது மட்டும் கணக்குப் புத்தகத்தில் பக்கம் தீர்ந்துபோகுது. போதாததற்கு, இருக்கிற காசும் மருந்தாக வந்து சேருதா? தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு விவகாரத்தில் அந்தக் காலத்துச் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். குற்றமா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனா எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஏத்துகிற மருந்து அது. அந்த விவகாரத்துக்கும் “ஏழை நாடு” என்கிற பதில் பொருந்துமா?

ஏழைமையை உடைத்த கதைகளும் இதே நோயில் இருக்கு. சி.எம்.எல். என்கிற நாட்பட்ட இரத்தப் புற்றுநோய்க்கு ஒரு காலத்தில் மச்சை மாற்றுதான் குணப்படுத்தும் வழி. 2001 இல் இமாட்டினிப் மாத்திரை வந்தது, பெரும்பாலானவர்கள் மாத்திரையோடு வாழலாம் என்றானது. நோவார்ட்டிஸ் நிறுவனம் இந்தியாவில் அதை மாசத்துக்கு 1,20,000 ரூபா அளவில் விற்றது. இந்திய நிறுவனங்களின் அதே மாத்திரை 8,000 ரூபா அளவு. 2013 ஏப்ரல் 1 இல் இந்திய உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸுக்குக் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. நாடு ஒரே நாளில் பணக்கார நாடாகவில்லை, ஒரு முடிவு எடுத்தது, அவ்வளவுதான். நம்ம நாட்டிலேயே சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை நிறுத்தி, கம்பனிப் பெயரில் வாங்காமல் மருந்தின் சொந்தப் பெயரில் வாங்கு என்று உலகத்துக்கே வழி காட்டினார். மச்சை மாற்றிலும் இப்படி ஒன்று நடந்திருக்கு. முழுப் பொருத்தம் இல்லாத, பாதி பொருந்துகிற அம்மாவோ அப்பாவோ பிள்ளையோ கொடையாளி ஆகலாம் என்பதைச் சாத்தியமாக்கியது சைக்ளோபொஸ்பமைட் என்கிற பழைய, மலிவான மருந்து.

பொருத்தம் என்றதும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. கூடப் பிறந்தவர் ஒருவர் முழுசாப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. இல்லைன்னா ஒரே வேரில் வந்த மக்களிடையே தேடணும். உலகக் கொடையாளர் பட்டியலில் 4 கோடிப் பேருக்கு மேல் இருக்காங்க, ஜெர்மனியில் மட்டும் சுமார் ஒரு கோடி. அமெரிக்கப் பட்டியலை வைத்து 2014 இல் செய்த ஆய்வில், ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கிற வாய்ப்பு 75 வீதம், தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க வம்சாவளிக் கறுப்பருக்கு 16 வீதம். நமக்குப் பொருந்துகிறவர் எங்கே இருப்பார்? தமிழ்நாட்டில். 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேரை அந்தப் பக்கம், 3,00,000 பேரை இந்தப் பக்கம் என்று பிரித்தார்களே, அப்படி அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் அதே கொழுந்தைத்தான் பறிக்கிறாங்க. சென்னையில் தாத்ரி என்கிற கொடையாளர் பதிவகம் 2009 முதல் இயங்குது. அதோடு ஒரு உடன்பாடு, நம்ம இரத்ததான முகாம்களிலேயே கன்னத்து உட்பக்கம் பஞ்சால் துடைத்து எடுக்கிற ஒரு சோதனை. ஒப்பந்தம் போட்டுக் குடும்பங்களைப் பிரிக்கத் தெரிந்த இரண்டு அரசுக்கும், ஒப்பந்தம் போட்டு மச்சையைத் தேடித்தரத் தெரியாதா?

தர்மம் பற்றி எழுதினா கோபப்படுவீங்க, பரவாயில்லை. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டினார்கள். மகரகமவுக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 2016 இல் மக்கள் 20 கோடி ரூபா சேர்த்தார்கள், அதை முன்னின்று செய்தவர் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு தந்தை. கும்பிடவேண்டிய மனிதர்கள். ஆனா ஒவ்வொரு உண்டியலும் அரசின் ஒரு வேலையை அமைதியாக எடுத்துக்கொள்கிறது. தனி நோயாளிக்கு வட்ஸ்அப்பில் காசு கேட்கிறது இதைவிட மோசம்: படத்தில் பிள்ளை அழகா இருக்கணும், அப்பாவுக்கு நாலு கொழும்பு முதலாளிகளைத் தெரியணும், யாராவது நல்ல தமிழில் எழுதித் தரணும். டன்சினனில் ஒரு பிள்ளைக்குச் சேருது, பக்கத்து டிவிஷன் பிள்ளைக்குச் சேரலை. இது என்ன முறை?

“முதலில் லயத்துக்குக் கழிப்பறை, பிறகு மச்சை மாற்று” என்று நம்ம ஆட்களே சொல்வார்கள். நான் பட்டியலிட்டதைத் திரும்பப் பாருங்க: இரத்தப் பரிசோதனை, பாதை, தண்ணி, காய்ந்த சுவர், தமிழ் தெரிந்த ஒரு தாதி, சம்பளம் வெட்டாத லீவு. இதெல்லாம் சளிக்காய்ச்சல் வந்த பிள்ளைக்கும், பிரசவத்துக்கும் வேணும். கழிப்பறையும் மச்சை மாற்றும் ஒரே பாதையில்தான் இருக்கு.

தலைவர்கள் கட்டடம் கேட்பார்கள். கட்டடத்தில் பெயர்ப்பலகை வைக்கலாம். டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டின 150 கட்டில் வைத்தியசாலையை மோடி 2017 மே 12 இல் வந்து திறந்தார், நல்லதுதான். நான் கேட்கிறது அவ்வளவு படத்துக்கு நிற்காத விஷயங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் எடுத்த இரத்தம் அன்றே பரிசோதனைக்கு இறங்குகிற ஒரு ஏற்பாடு. மகரகமவில் தொடங்கிய கிளினிக்கைக் கொஞ்ச நாள் கழித்து நுவரெலியாவில் தொடர ஒரு இரத்தநோய் வைத்தியர், மாசத்தில் இரண்டு நாள் வந்தாலும் போதும். கூட இருக்கிறவருக்கு 100 நாள் பேர், அதை யார் கட்டுவது என்று கம்பனியும் அரசும் சண்டை போட்டுக்கொள்ளட்டும், பேர் விழணும். மாசாமாசம் நம்ம சம்பளத்தில் சந்தா வெட்டுகிற சங்கங்கள் எல்லாம் சேர்ந்து மகரகம பக்கம் நாலு அறை வாடகைக்கு எடுத்தால், மலையிலிருந்து வருகிற நோயாளியும் அம்மாவும் தங்க இடம். அங்கே வாடகை வீடுகள் இருக்கு, நோயாளிகளை நம்பியே விடுகிறார்கள்.